சலேத்தம்மாளின் டிரங்குப் பெட்டி

மாலை ஆறே முக்கால். மூலனூருக்கு வெளியே, முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண் பாதை. பஸ் நிற்கும் இடத்துக்கு இன்னும் இரண்டு மைல். தலையில் டிரங்குப் பெட்டியோடு ஒரு பெண் தனியாக நடந்துகொண்டிருந்தாள்...

கரண்ட் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவை யாராவது சாத்துங்கள்.

அவள் பெயர் ராமுத்தாய். பனியன் கம்பெனியில் என்னோடு துணி வெட்டும் கட்டிங் டேபிளில் நின்ற சாமியப்பனின் கூடப் பிறந்த தங்கை. எண்பத்தொன்பது டிசம்பர் அது. வேலம்பாளையத்தில் குடியிருந்த சாயப்பட்டறை இன்னாசிக்கு அவள் இரண்டாம் தாரம். முதல் மனைவி சலேத்தம்மாள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அவள் விட்டுப் போனது ஒரே பெண் குழந்தை. செசிலி. ஆறு வயது.

அந்தச் செசிலிக்குப் பதினோரு நாளாக உடம்பு அனலாகக் கொதித்தது. இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தாகிவிட்டது. கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. கண்ணைத் திறந்தால் ஒரே பேச்சு.

"எங்கம்மா பொட்டி வேணும்... ஊட்ல ஸ்டார் கட்டோணும்..."

கிறிஸ்துமஸ் வந்தால் சலேத்தம்மாள் அந்தப் பெட்டியைத் திறந்துதான் வீட்டை அலங்கரிப்பாள். குடிலில் வைக்கிற, அவளுடைய அப்புச்சி காலத்துக் களிமண் சுரூபங்கள். கண்ணாடிக் குண்டுகள். கல்யாணத்தன்று தலையில் வைத்த மெழுகுப் பூ கிரீடம். செசிலி பிறந்த வருடம் ஜிகினாத் தாளில் ஒட்டிய ஸ்டார். அவள் செத்ததும் இன்னாசி எல்லாவற்றையும் மூலனூரில் இருந்த மச்சானிடமே கொடுத்துவிட்டான்.

ராமுத்தாய் இன்னாசியிடம் சொல்லாமல் போய்க் கேட்டபோது, அந்த மச்சான் பெட்டியை வீட்டுக்குள் வைத்திருக்கவில்லை. மாட்டுக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து போட்டான். ஒரே வார்த்தைதான் சொன்னான்.

"திருப்பிக் கொண்டாந்துராதீங்க அம்மிணி."

பாதையில் ஒரு ஆள் இல்லை. காற்றும் இல்லை. பெட்டிக்குள் கண்ணாடிக் குண்டுகள் மட்டும் கிணிங்... கிணிங்... என்று இடித்துக்கொண்டே வந்தன. ராமுத்தாய் நின்றாள்.

அவை நிற்கவில்லை.

பின்னால் ரப்பர் செருப்புச் சத்தம். சளக்... சளக்...

"ஆருங்க அது?"

உருகிய மெழுகின் வாடை வந்தது. அப்புறம் தலைமேலிருந்த கனம் பாதியாகக் குறைந்தது. பெட்டியின் மறுபக்கத்தை யாரோ கை கொடுத்துத் தாங்கியது போல.

வேறு யாராக இருந்தாலும் கீழே போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அவள் ஓடவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாது.

"வர்றதுன்னா வாங்கக்கா," என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "புள்ளையக் காப்பாத்திக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மறுநாள் வீட்டை அலங்கரித்தாள். அவளுக்குக் குடில் வைத்துப் பழக்கமில்லை. செசிலி பாயில் படுத்தபடியே சொல்லிக் கொடுத்தாள். "ஆட்டுக்குட்டி அங்க இல்லீங்க சித்தி... மாதா பக்கத்துல." ஸ்டாரைக் கட்டி முடித்தபோது குழந்தை எழுந்து உட்கார்ந்திருந்தது. அரை டம்ளர் கஞ்சி குடித்தது. உடம்பைத் தொட்டால் சில்லென்று இருந்தது. ராமுத்தாய் சுவரில் சாய்ந்து அழுதாள்.

பட்டறையிலிருந்து வந்த இன்னாசி வாசலிலேயே நின்றுவிட்டான். கையெல்லாம் நீலச் சாயம்.

"இத ஏன் கொண்டாந்த?" என்று மட்டும் கேட்டான்.

இருபத்து நாலாம் தேதி விடிந்தபோது வீடு வெறுமையாகக் கிடந்தது. ஸ்டார் இல்லை, குடில் இல்லை. பெட்டியைத் திறந்தால்... எல்லாம் பனியன் துணியில் சுற்றி, வரிசையாக உள்ளே இருந்தன. அவற்றுக்கு மேலே செசிலியின் கவுன். மடித்து வைத்திருந்தது. அதற்குள் கொலுசு. ஸ்லேட்டு. பால் குடிக்கும் டம்ளர்.

இன்னாசி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "பண்டிகை முடிஞ்சா அவ இப்படித்தான் கட்டி வெப்பா... இப்ப புள்ளையையும் கூடக் கொண்டுபோறதுக்குக் கட்டி வெச்சிருக்கா."

செசிலிக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது. முன்னைவிட மோசம். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பெட்டியிலிருந்து அவளுடைய சாமான்களை எடுத்து வெளியே வைத்தார்கள். தண்ணீர் எடுத்துவிட்டு வருவதற்குள் அவை பெட்டிக்குள் இருந்தன.

அன்று மத்தியானம் ராமுத்தாய் கம்பெனி வாசலுக்கே வந்து, சாமியப்பனிடம் இதையெல்லாம் சொல்லி அழுதாள். "பயப்படாத புள்ள, நாளைக்கு வர்றேன்," என்று அனுப்பிவிட்டான். ஷிப்மென்ட் நேரம். அன்றைக்கே போகாததை நினைத்து அவன் எத்தனை நாள் தூங்காமல் இருந்தான் என்பது எனக்குத்தான் தெரியும்.

அன்று இருட்டிய பிறகு நடந்தது இன்னாசி வாயால் வந்தது. குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ராமுத்தாய் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கவுனை வெளியே எடுத்தாள். தன் கூறைச்சேலையை உள்ளே வைத்தாள். கால் மெட்டியைக் கழற்றி வைத்தாள். தன் போட்டோவை வைத்தாள்.

"புள்ளைய உட்டுருங்கக்கா... ஆள் இல்லாம போகமாட்டீங்கன்னா, நான் வர்றேன்."

டப்பென்று மூடி தானாக விழுந்தது.

பாயிலிருந்து செசிலி கேட்டாள். "தண்ணி."

அதற்கு மேல் இன்னாசி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் சாமியப்பன் மிக்சர் பொட்டலத்தோடு போனான். வாசலில் ஸ்டார் தொங்கியது. செசிலி கொலுசு குலுங்கக் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் போன உயிர் வந்தது. தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். வந்தவள் நின்று, மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள். அந்நிய ஆளைப் பார்த்த மாதிரி.

"வாங்க... ஆருங்க நீங்க?"

சாமியப்பன் சிரித்தான். "வெளையாடாத ராமு."

"ராமுத்தாயிங்களா?" அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். "அவங்க இங்க இல்லீங்களே..."

அதே முகம். அயர்ன் பாக்ஸ் சுட்ட தழும்பு அதே மணிக்கட்டில். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாமியப்பன் கதவைத் தட்டி, தங்கையின் பேரைச் சொல்லிக் கத்தினான். இன்னாசிகூட வெளியே வரவில்லை.

செசிலிதான் ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள். காதருகே குனியச் சொன்னாள்.

"சித்தி பேரச் சத்தமா சொல்லாதீங்க மாமா... உங்க கொரல் கேட்டா, ராத்திரிக்குப் பொட்டிக்குள்ள இன்னும் சாஸ்தியா அழுவாங்க."