குத்தூசி இறங்க வேண்டிய பக்கம்

ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஐயா. மாட்டுக்கொம்புப் பிடி தண்ணீர் குடித்தால் வெடித்துவிடும். முழங்கால் துணியில் இப்படித் தேய்த்தால் போதும். நான் ஆயுசு முழுக்க அப்படித்தான் செய்கிறேன்.

பாரீசிலிருந்து இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கிறீர்கள், அருங்காட்சியகத்தில் வைக்கப் பழைய மடக்குக் கத்தி வேண்டுமென்று. எந்தக் கருவி எப்போது சேர்ந்தது என்று கேட்டீர்கள். என் தாத்தாவின் கத்தியில் அலகு ஒன்றுதான். ரொட்டி, பன்றித்தொடை, கால் நகம், எல்லாவற்றுக்கும் அதுவே. அப்பா காலத்தில் முதுகுப்பக்கம் குத்தூசி சேர்ந்தது. அது மாட்டுக்காரனுக்கு. பனி ஈரத்தோடு குதிரைமசால் தீவனப்புல்லை மேய்ந்த பசுவுக்கு வயிறு உப்பி மூச்சு முட்டும், ஒரு மணி நேரத்தில் சாய்ந்துவிடும். இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. அங்கே ஊசியை இறக்கினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும், மாடு பிழைக்கும். அதற்கப்புறம் எங்கள் ஆட்கள் பிழைப்புத் தேடி உங்கள் ஊருக்கு வந்தார்கள். மாடி மாடியாகக் கரி சுமந்தார்கள், பிறகு ஒயின் கடை வைத்தார்கள். பாட்டில் தக்கை பிடுங்கும் சுருள் அவர்களுக்காக வந்தது. எழுதிக்கொள்ளுங்கள், சரித்திரம் இவ்வளவுதான்.

என் கத்தியில் ஊசியின் நுனி ஏன் ஒடிந்திருக்கிறது என்றும் கேட்டீர்கள். விலா எலும்பில் பட்டு ஒடிந்தது. என் கையில் அல்ல, என் தம்பி காசிமிர் கையில். அருங்காட்சியகத்தில் கத்திக்குக் கீழே வைக்கும் அட்டையில் தப்பாக எழுதிவிடக்கூடாது என்பதற்காக அதையும் சொல்கிறேன்.

பதினாலு வயதில் பாரீஸ் போனவன் இருபது வருஷம் கழித்துத் திரும்பினான். பெண்டாட்டி செத்துவிட்டாள். ஆறு வயது மகள் நோயெமிக்குக் கரித்தூசியில் மூச்சு இரைத்தது, மலைக்காற்றுக்குக் கூட்டிப்போ என்று டாக்டர் சொன்னாராம். சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிப் பதினாலு பசு வாங்கினான். அவன் கத்தியில் அலகும் சுருளும்தான். ஊசி எங்கேடா என்று கேட்டேன். "பாரீஸ்ல நான் மாடா மேய்ச்சேன்?" என்று சிரித்தான். நல்லவன், ஐயா. அவனைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

எங்கள் பக்கத்துச் சாப்பாட்டு மேசை உங்களுக்குத் தெரியாது. அவரவர் கத்தியால் அவரவர் சாப்பிடுவார்கள். வீட்டுக்குப் பெரியவன் தன் கத்தியை மடக்கும்போது வில் 'டக்' என்று சத்தம் போடும். அத்தோடு சாப்பாடு முடிந்தது. வாயில் என்ன இருந்தாலும் வேலைக்காரர்கள் எழுந்துவிட வேண்டும். அப்பா செத்த நாள் முதல் அந்தச் சத்தம் என்னுடையது. கல்யாணம் பண்ணாமல், ஒரு திருவிழாவுக்குக்கூட வெளியூர் போகாமல் அந்த வீட்டைக் கட்டிக் காத்தவன் நான்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம், நான் பாலாடைக்கட்டியைப் பாதி தின்றுகொண்டிருக்கிறேன், 'டக்' என்றது. காசிமிர் பேச்சு சுவாரசியத்தில் தன் கத்தியை மடக்கியிருந்தான். ஐந்து ஆட்களும் எழுந்துவிட்டார்கள்.

"அட, உக்காருங்கப்பா. நான் சும்மா மூடுனேன்" என்றான்.

பழைய ஆள் பாப்திஸ்த் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "எந்தக் கத்தி மூடுனா எந்திரிக்கணும்னு முடிவு பண்ணிச் சொல்லிடுங்க, முதலாளி. சின்னவரு கத்திக்குத்தான் சத்தம் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் கத்தியை மடக்கினால் அவர்கள் ஒரு நொடி காசிமிரைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள். ஒரு நொடிதான். அவன் பாரீசுக்குத் திரும்பிப் போனால் போதும் என்று இருந்தது. அதற்குமேல் நான் எதுவும் ஆசைப்படவில்லை.

மே மாதம், கோடை மேய்ச்சலுக்கு மந்தை மலையேற இரண்டு நாள் இருந்தது. மேலே குடிசையைச் சீர்படுத்த ஆட்கள் போய்விட்டார்கள். எனக்குக் கணுக்கால் சுளுக்கு. அது பொய்யில்லை, முந்தின நாள் காசிமிரே பன்றிக்கொழுப்பு தடவி நீவிவிட்டான். நான் முற்றத்தில் உட்கார்ந்து மாட்டுமணி வாரில் இந்த ஊசியால் துளை போட்டுக்கொண்டிருந்தேன். அவன் பதினாலு பசுவையும் குதிரைமசாலுக்குள் விட்டதைப் பார்த்தேன். புல்லில் பனி மின்னியது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். வாரில் இன்னும் இரண்டு துளை பாக்கி இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் ஓடி வந்தான். "அண்ணே, எல்லாம் ஊதிப்போச்சு. செவலை படுத்துடுச்சு. உன் ஊசியக் குடு."

கத்தியை இரவல் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அன்று நான் கொடுத்தேன்.

"எந்தப் பக்கம்ண்ணே? சின்ன வயசுல அப்பா குத்திப் பாத்தது. ஒண்ணும் நெனப்பு வரல."

"வலது பக்கம்" என்றேன்.

வாய் தவறி வந்த வார்த்தை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவசரத்தில் யாருக்கும் அப்படி நேரும் அல்லவா.

மத்தியானத்துக்குள் பதினொன்று செத்தன. மூன்று தானாகவே பிழைத்தன, அவன் கை எட்டாத மூலையில் நின்றவை. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பார்த்தவுடனே அவர்களுக்குப் புரிந்தது. "எல்லாத்தையும் வலது பக்கம் குத்தியிருக்கான்யா. பாரீஸ்காரன் வேற எப்படிக் குத்துவான்?" என்று ஒருவர் சொன்னார். காசிமிர் என்னைப் பார்த்தான். அண்ணன்தான் சொன்னான் என்று அவன் சொல்லவில்லை. தான்தான் தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்தானோ என்னவோ. மலையேறும் நாளன்று காலையில் தொழுவத்து உத்தரத்தில் தொங்கினான். மணி கட்டும் வாரில்தான்.

நோயெமியை நான் வளர்த்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. தப்பான பக்கம் குத்தினவன் மகள் என்று ஊரே அவளைச் சொல்லும், அதனால் வரன் ஒன்றும் அமையவில்லை. நான் என்ன செய்ய முடியும். நாற்பத்திரண்டு வருஷமாக எனக்குச் சூப் ஊற்றுகிறாள். இந்தக் கத்தியை மூன்று வேளையும் அவள் எதிரில் திறந்து மூடியிருக்கிறேன். போன மாதம் முதல் தடவையாக வாய் திறந்து, "பெரியப்பா, அந்தக் கத்தி இந்த வீட்டை விட்டுப் போகட்டும்" என்றாள். உங்களுக்குக் கடிதம் போட்டதும் அவள்தான். இப்போது பால் கறந்துகொண்டிருக்கிறாள். அட்டையில் நீங்கள் எழுதுவதை அவள் ஒரு நாள் படிப்பாள், அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பசுவைக் குத்திவிட்டுக் காசிமிர் என்னிடம் திரும்பி வந்தான். முழங்கை வரை ரத்தம். ஊசி ஒடிந்திருந்தது.

"அண்ணே, காத்து வரல. ரத்தந்தான் வருது. இடது பக்கம்தானே ஜாஸ்தி உப்பியிருக்கு? நெசமா வலதுதானா?"

அப்போது பதின்மூன்று பசுவும் நின்றுகொண்டிருந்தன. எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. யோசிக்க நேரம் இருந்தது, யோசித்தேன்.

"வலதுதான்டா. நீ ஆழமா எறக்கல. இன்னும் அழுத்திக் குத்து" என்றேன்.

சரிண்ணே என்று சொல்லிவிட்டு ஓடினான். மூன்றாவது தடவை வந்து கேட்டிருந்தால் கண்டிப்பாக உண்மையைச் சொல்லியிருப்பேன், ஐயா. அவன்தான் வரவில்லை.