கோடு விழுந்ததை மட்டும் எடுங்க

இல்ல சார், இது வேண்டாம். இது நல்லா இருக்கு. அடுத்தது பாருங்க.

இதுவும் வேண்டாம். நல்லா இருக்குறது எல்லாம் என்கிட்டயே இருக்கு சார், ரெண்டு மூணு எடத்துல காப்பி போட்டு வச்சிருக்கேன். எனக்கு வேண்டியது கெட்டுப்போனது. இந்த டிஸ்க்லேர்ந்து நானே அழிச்சது. நேத்து கொண்டுவந்து குடுக்கும்போதே உங்க கவுன்டர்ல இருக்குற பொண்ணுகிட்ட சொன்னேன், அது என்னை ஒரு மாதிரி பாத்துச்சு. வர்றவங்க எல்லாம் நல்ல வீடியோ போச்சேன்னு தலையில கைய வச்சுக்கிட்டு வருவாங்க, இந்தம்மா என்னடான்னா குப்பையத் தேடிக் குடுங்குதேன்னு நெனச்சிருக்கும்.

சத்தம் வேண்டாம் சார். அந்த ஸ்பீக்கர் அணைஞ்சே இருக்கட்டும். படத்தப் பாத்தே கண்டுபிடிச்சிரலாம்.

ஆமா, ஃபைலுக்குப் பேரு இல்ல, தேதி இல்ல, வெறும் நம்பராத் திரும்பி வந்திருக்கு, நீங்க பாவம் என்ன பண்ணுவீங்க. நான் அடையாளம் சொல்றேன், நீங்க வேகமா ஓட்டிப் பாருங்க. எல்லாத்துலயும் ஒரு மானிட்டர் இருக்கும். பழைய குண்டு மானிட்டர், முதுகு தள்ளிக்கிட்டு பாதி மேசைய அடைச்சிட்டு நிக்குமே, அது. கீழ கீபோர்டு. கீபோர்டு மேல ரெண்டு கை. அவ்வளவுதான் படமே. அதுல மானிட்டர் மேல ஒரு கறுப்புக் கோடு ஏறிக்கிட்டே இருந்தா, அதுதான் எனக்கு வேணும். கோடுன்னா மெல்லிசா இருக்காது. நல்ல அகலமா, பட்டை மாதிரி இருக்கும்.

மானிட்டர்ல ரிப்பேர் ஒண்ணும் இல்ல சார். நேர்ல பாத்தா ஒழுங்காத்தான் தெரியும். அது உள்ளுக்குள்ள அணைஞ்சு அணைஞ்சு எரியுது, செகண்டுக்கு அறுபது தடவை. நம்ம கண்ணு மந்தம், அதக் கண்டுக்காது. கேமரா விடாது. மானிட்டர் ஒரு கணக்குல எரியும், கேமரா வேற கணக்குல கண்ண மூடித் தொறக்கும். ரெண்டுக்கும் ஒத்துப் போகலேன்னா, அந்த நேரத்துல அணைஞ்சு கெடக்குற எடம் கறுப்பா விழுந்திரும். புருஷன் பொண்டாட்டி கதைதான். ஒருத்தர் பேசுற நேரத்துல இன்னொருத்தர் காதத் தொறந்து வச்சிருக்கணும், அங்கதான எல்லா வீட்லயும் இடிக்குது.

சரி பண்றது பெரிய வித்தை இல்ல. கேமராவ ஆட்டோல விடக்கூடாது. ஷட்டர, அந்தக் கண்ணு மூடித் தொறக்குற வேகத்த, நாமளே பிடிச்சு வைக்கணும். மானிட்டர் அறுபதுன்னா ஷட்டரும் அறுபதுல ஒண்ணு. அங்கேருந்து துளித்துளியா முன்ன பின்ன நகத்துனா, கோடு ஏறுறது நிதானமாகும், அப்புறம் நிக்கும், அப்புறம் இருந்த எடம் தெரியாமப் போயிரும். இப்ப வர்ற தட்டை மானிட்டர்ல வேற தொல்லை. வெளிச்சத்தக் கொறச்சு வச்சாத்தான் பெரும்பாலும் கோடு வரும், முழுசா ஏத்திவிட்டா முக்காவாசி அடங்கிரும். நான் இப்ப கம்பெனிகளுக்குத்தான் எடுக்குறேன், ஆபீஸ் வீடியோ. கோடு விழாம எடுக்குற அம்மான்னு சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அதுதான் என் பட்டம்.

ம், வேண்டாம். இதுல கோடு இல்ல.

ஏன் கேமரா வச்சு எடுத்தோம்னு கேக்குறீங்களா? ஸ்கிரீன அப்படியே பதிவு பண்ற சாஃப்ட்வேர் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா இது டைப்பிங் பாடம் சார். எந்த விரல் எந்தக் கட்டைக்குப் போகுது, அங்க போனா ஸ்கிரீன்ல என்ன விழுது, ரெண்டும் ஒரே படத்துல தெரியணும். அது அக்காவோட கண்டிஷன். ஆமா, அந்தக் கை எங்க அக்காவோடது. பாடம் சொல்றதும் அவதான். அவ பெரிய டீச்சர், நான் கேமராக்காரி. டீச்சர்னுதான் வீட்லயே கூப்பிடுவோம், அந்த அதிகாரம் அப்படி. ஒரு எழுத்து தப்பா விழுந்தாக்கூட முழுப் பாடத்தையும் மொதல்லேர்ந்து எடுக்கணும்பா. எனக்குத் தோள்பட்டை கழண்டு போகும்.

மொதல்ல ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்லதான் டீச்சரா இருந்தா. நுழைஞ்ச உடனே இருக்குற மேசை அவளுது. அப்புறம் தோல்ல வெள்ளை விழ ஆரம்பிச்சுது. கைலதான் மொதல்ல. அந்தக் கைய நிறுத்திப் பாருங்க, விரல் நுனியெல்லாம் மாவு ஒட்டுன மாதிரி இருக்குல்ல? அதுதான். வலி கிடையாது, அடுத்தவங்களுக்கு ஒட்டுறதும் கிடையாது, சும்மா நெறம் போயிரும். கைல இருந்த வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல. முகத்துக்கு வந்துச்சு, கண்ணச் சுத்தி, வாயச் சுத்தி. அப்பவும் யாரும் ஒண்ணும் சொல்லல சார். மேசைய மட்டும் பின்னாடி ரூமுக்கு நகத்துனாங்க.

அவ சண்டை போடல. வேலைய விட்டுட்டு வந்து, கேமரா வாங்கிட்டேல்ல, வா, பாடம் எடுத்து விக்கலாம்னா. கையும் குரலும் போதும், முகம் ஒரு எடத்துலயும் வரக்கூடாதுன்னா. சொன்னா சொன்னதுதான். வீட்டு ஆல்பத்த எடுத்து வச்சுக்கிட்டு, நகம் வெட்டுற கத்திரியால அவ இருக்குற எடத்தையெல்லாம் அழகா வட்டமா வெட்டி எடுத்துட்டா. எங்க வீட்டு ஆல்பத்தப் பொரட்டுனா நான் சிரிச்சுக்கிட்டு நிப்பேன், பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கும். கல்யாணத்துக்குப் போனா கேமரா வர்ற பக்கம் எழுந்து கை கழுவப் போயிருவா. செல்போன் வந்ததுக்கப்புறம் இன்னும் உஷாராயிட்டா, எவன் கைல போன் இருந்தாலும் முதுகக் காட்டிருவா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கோடு எப்ப விழும்னு தெரிஞ்சா நீங்க சீக்கிரம் கண்டுபிடிச்சிரலாம். பாடம் எடுக்கும்போது ஃபேன் போடக்கூடாது சார், மைக்குல இரையும். கதவு சாத்தியிருக்கும். உள்ள வேகும். பாதிப் பாடத்துல அவளுக்குத் தாங்காது, எழுந்து போயி ஜன்னலத் தொறந்துட்டு வந்து உக்காருவா. கேமரா ஆட்டோல இருக்கா, வெளிச்சம் கூடுச்சுன்னு அது பாட்டுக்கு ஷட்டர வேகமாக்கிரும். உடனே கோடு ஏற ஆரம்பிச்சிரும். அதனால, கை ரெண்டும் கொஞ்ச நேரம் காணாமப் போயி, திரும்ப வரும்போது படம் பளிச்சுன்னு இருந்தா, அங்க பாருங்க.

அந்த ஆரம்பத்துல எடுத்ததுலதான் இருக்கும். அதுக்கப்புறம் நான் தொழில் கத்துக்கிட்டேன். ஷட்டரப் பூட்டிட்டேன், மானிட்டருக்கு மேல கறுப்புத் துணியக் கூடாரம் மாதிரி கட்டிட்டேன். ஜன்னலத் தொறந்தா என்ன, கூரையவே பிச்சா என்ன, கோடு வராது. அதுக்கப்புறம் எடுத்தது ஒண்ணுலயும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. போன வாரம் பூரா உக்காந்து பாத்துட்டேன் சார், ஒண்ணு விடாம. சுத்தமா இருக்கு. இவ்வளவு சுத்தமா எடுத்திருக்க வேண்டாம்.

இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம். முகம் இப்படித்தான் கொஞ்ச நாளா. பல் டாக்டர் ஊசி போட்டுட்டா கன்னத்தத் தொட்டா யார் கன்னத்தையோ தொடுற மாதிரி இருக்குமே, அப்படி இருக்கு. நீங்க ஓட்டுங்க.

நிறுத்துங்க. கை போயிருச்சு பாருங்க. இருங்க... வெளிச்சம் வந்துருச்சு. வந்து உக்காந்துட்டா. இப்ப மெல்ல விடுங்க. மெல்ல. கோடு கீழேருந்து வரும். வருதா? வரட்டும், வரட்டும். இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க. ஒரு படி பின்னாடி போங்க. இன்னொரு படி.

கோட்டுக்குள்ள பாருங்க சார்.

மானிட்டர் எரியுற எடத்துல ஒண்ணும் தெரியாது. அணைஞ்ச எடம் வெறும் கண்ணாடிதான? ஜன்னல் வெளிச்சம் நேரா அக்கா மூஞ்சில அடிக்குது, அது அப்படியே அந்தக் கண்ணாடில விழுது. பாடம் எழுதுன அட்டைய எடுத்து விசிறிக்கிட்டு இருக்கா. வாயில ஹேர்பின். என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறா, கோடு திரும்ப வந்துருச்சுன்னு நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறேன்ல, அதுக்கு. முகம் தெரியுதுன்னு அவளுக்கு அந்த நேரத்துல தெரியாது. எடுத்ததத் திரும்பப் போட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. அவ கண்ணு முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சேன். டிஸ்க்கக் கழட்டி பீரோ மேல போட்டேன், அதோட தொடல.

உங்க வீட்டம்மா இந்தப் பாடத்துலதான் டைப்பிங் கத்துக்கிட்டாங்களா? அப்படியா. கையப் பாத்து அடையாளம் தெரிஞ்சுதா. அக்கா கேட்டிருந்தா அன்னைக்குப் பூரா அதையே சொல்லிக்கிட்டு இருந்திருப்பா.

இல்ல சார், சொல்ல முடியாது. அவ போன மாசம் போயிட்டா. மாடிப்படில தலை சுத்துதுன்னு உக்காந்தா. நான் போயி தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுது.

படம் அம்மாவுக்குத்தான். சுவத்துல மாட்ட ஒரு படம் வேணும்னு கேட்டாங்க, அவங்க கேட்டது அது ஒண்ணுதான். நானும் மொதல்ல ஃப்ரேம் வாங்கிட்டேன், படம் எங்கயாவது கெடைக்காமயா போயிரும்னு. ஃப்ரேமுக்குள்ள கடைக்காரன் சாம்பிளுக்கு ஒரு பொண்ணு படம் வச்சிருக்கான், பல்லெல்லாம் வரிசையா, நல்ல சிரிப்பு. கெடைக்குற வரைக்கும் வெத்துச் சுவரா எதுக்குன்னு அம்மா அதையே மாட்டச் சொல்லிட்டாங்க. காலைல எழுந்தா அதத் துடைக்கிறாங்க. யாருன்னே தெரியாத பொண்ணு. நேத்து அதுகிட்ட ஏதோ பேசுனாங்க.

அடையாள அட்டைல இருக்கு, இருக்கு. அத மொதல்ல காட்டுனேன். அதுக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரன் நல்லது பண்றதா நெனச்சு முகம் முழுக்க ஒரே நெறமா அடிச்சு விட்டிருக்கான். யாருடி இதுன்னு கேட்டாங்க அம்மா. அதனால நீங்களும் ஒண்ணும் சரி பண்ண வேண்டாம் சார். வெள்ளை அப்படியே இருக்கட்டும். கோட்டையும் எடுத்துராதீங்க. அத எடுக்க எனக்கே தெரியும், எடுத்தா அவளும் அதோட போயிருவா. இப்படியே, இந்த மானிட்டரோட, கையோட, பிரின்ட் போட்டுக் குடுங்க.

ஐயோ, அதத் தொடாதீங்க சார், சத்தம் வேண்டாம். என்ன சொல்றான்னு எனக்குத் தெரியும். கோடு விழுந்த ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னா. போனாப் போகுது, அழிச்சிருடி, இன்னொண்ணு எடுத்துக்கலாம்னு.