தும்மல் கல்யாணமும் கிழக்குக் கதவும்

மட்டாஞ்சேரித் தமிழ் மக்கள் நலமன்றத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், முப்பத்தோர் ஆண்டுகள் மாநகராட்சிப் பணியில் ஊர்க்குப்பையெல்லாம் கூட்டியும் உள்ளத்தில் ஒரு துரும்பைக்கூடச் சேர்த்துவைக்காத அண்ணன் பாலையா அவர்களே! இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்குக் கூலி கொடுத்தவரும், இன்று இந்த மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலி கொடுத்தவருமான மிளகுக் கோடவுன் முதலாளி யூசுப் இக்கா அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாக வந்திருக்கும் பெரியோர்களே! ஊருக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டு உங்கள் சோற்றை ஆறவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! தமிழில் கேட்டு மலையாளத்தில் சிரிக்கும் இளையோரே! உங்கள் அனைவருக்கும், மிளகும் வத்தலும் பொறுக்கிக் காய்த்த இந்தக் கைகளைக் கூப்பி, பாண்டிச்செல்வியின் பணிவான வணக்கம்!

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘சிக்கனமாக ஒரு சிங்காரக் கல்யாணம்’. ஐந்து நிமிடம்தான் என்று செயலாளர் தம்பி ரமேஷ்பாபு விரலைக் காட்டுகிறார். தம்பி, கல்யாணத்தைச் சிக்கனமாக நடத்திவிடலாம். அதைப் பற்றிய பேச்சை அப்படி நடத்த முடியாது. நீங்கள் உட்காருங்கள்.

உறவுகளே, நான் இங்கே பொதுப்படையாகப் பேச வரவில்லை. ஒரே ஒரு கல்யாணத்துக்காகப் பேச வந்திருக்கிறேன். அண்ணன் பாலையாவின் மகள் அம்பிளிக்குச் சித்திரையில் திருமணம். இடப்பள்ளிப் பக்கம் குளிரூட்டிய மண்டபம் பிடிப்பதற்காகத் தன் ஆட்டோவை விற்கப்போவதாக அண்ணன் செயற்குழுவிலே சொன்னார். எந்த ஆட்டோ? பணி ஓய்வுக்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகிற ஆட்டோ! கோபிக்காதீர்கள் அண்ணா, நீங்கள் பத்துப் பேர் முன்னால் சொன்னதைத்தான் நான் நூறு பேர் முன்னால் சொல்கிறேன்.

“கோடவுனிலேயே வைக்கலாமே அண்ணா” என்றேன். அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? “செல்வி, ஒம் மக கல்யாணத்த ஊரே தும்மல் கல்யாணம்னு சொல்லுது. எம் பொண்ணுக்கு அந்தப் பேரு வேணாம்மா.”

அங்கே யார் சிரிப்பது? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! இரண்டு ஆண்டுகளாகச் சிரிக்கிறீர்கள். ஆனால் அன்றைக்கு நடந்தது முழுவதும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாதியைக் கேட்டுச் சிரித்தவர்களே, இன்று மீதியையும் கேளுங்கள்!

என் மகள் மஞ்சுஷாவுக்குப் பெரியகுளத்துப் பையன் வெங்கிடேஷ் அமைந்தார். எறணாகுளத்தில் ஓட்டல் வேலை. கையில் இருந்தது கொஞ்சம், கண்ணில் இருந்த கனவு கடலளவு. மண்டபம் தேடி நடந்தேன். ஒரு மண்டபத்தில் வாடகை சொன்னார்கள். அடுத்த மண்டபத்தில், என் சேலையைப் பார்த்துவிட்டு வாடகையைக்கூடச் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தோடு வேலைக்குப் போனேன். பாதி காலியாகக் கிடந்த கோடவுனை அண்ணாந்து பார்த்தேன். இதைவிடப் பெரிய மண்டபம் எது? இதைவிட உயர்ந்த கூரை எங்கே? இக்காவிடம் கேட்டேன். “ஞாயிறு சும்மாதானே கெடக்கு, எடுத்தோ” என்றார்.

பிறகு பாருங்கள் எங்கள் கைவண்ணத்தை! சாக்குகளை வெளுத்துத் தைத்தோம், மேடைக்குத் திரையாயிற்று. மூட்டை நிறுக்கும் பெரிய தராசைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒரு தட்டில் சந்தனம், மறு தட்டில் கற்கண்டு வைத்து வாசலில் தொங்கவிட்டோம். ரோஜா மாலையா? வேண்டாம்! தரம் குறைந்ததென்று தள்ளிய ஏலக்காயைக் கோத்து மாலை கட்டினோம். வாழைமரத்தைக் கும்பளங்கியிலிருந்து ஒரு தோழி படகில் கொண்டுவந்தாள். சுவருக்கு வெள்ளை அடித்தோம். தரையை மூன்று முறை கழுவினோம். என்னோடு கோடவுனில் பொறுக்கும் தோழிகள், என்னையும் சேர்த்து முப்பது பெண்கள், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கி வாயைப் பிளந்தார்கள். “எந்த டெக்கரேஷன் கம்பெனிங்க?” என்று கேட்டார்கள். மூன்றாவது வரிசையில் இருக்கிற பாக்கியலக்ஷ்மி, “ஞங்கதான் கம்பெனி!” என்றாள். எழுந்திரு பாக்கியம், எல்லோரும் பார்க்கட்டும்!

கைதட்டலை நிறுத்துங்கள். இனிமேல்தான் நாங்கள் செய்த தவறு வருகிறது.

தரையைக் கழுவினோம், சுவரைத் துடைத்தோம். மேலே, உத்தரத்தை யாரும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்போம்? இருபது ஆண்டுகளாகத் தரையைப் பார்த்தே பொறுக்கிப் பழகிய பிழைப்பு எங்கள் பிழைப்பு! அந்த உத்தரத்தின்மேல் இருபதாண்டு மிளகுப்பொடியும் வத்தல் பொடியும் விரல் தடிமனுக்குப் படிந்து கிடந்தன. அது எங்களில் ஒருத்தி மூக்குக்கும் எட்டவில்லை. முகூர்த்த நேரம். விருந்தினருக்கு வியர்க்கிறதே என்று மின்வேலை பார்த்த ஷாஜி, ஆள் உயர விசிறிகள் ஆறையும் மேல்நோக்கித் திருப்பி, ஒரே நேரத்தில் போட்டார்.

ஐயோ, அம்மா! அடுத்த நொடி அங்கே மழை பெய்தது, மிளகு மழை! மாப்பிள்ளை தும்மினார், மாப்பிள்ளையின் தோழர் தும்மினார், ஐயர் மந்திரத்தின் நடுவே தும்மினார். நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்துக்குள்ளேயே தும்மினார். அப்படியோர் ராகம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை! பெரியகுளமே தும்முகிறது. நாங்கள் முப்பது பெண்கள் மட்டும் கல்லுப்போல உட்கார்ந்திருக்கிறோம். பாக்கியம் என் காதில் கேட்கிறாள், “எடி, இவங்களுக்கெல்லாம் ஒரே நேரத்துல ஜலதோஷமா?”

சிரிப்பு அதோடு சரி. மாப்பிள்ளையின் தாய்மாமன் நீலகண்டன் எழுந்தார். தாலியை வாங்கப் போன மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். “தாலியெடுக்கையில தும்மலா? ஒண்ணா ரெண்டா? இது சரிப்படாதுப்பா. எல்லாரும் எந்திரிங்க, வேற நாள் பாப்போம்” என்றார்.

வேறு நாளா? பெண் பெற்ற தாய்மார்களே, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மணவறையில் உட்கார்ந்த பெண்ணை எழுப்பிவிட்டால், எந்த ஊரில் எந்த நாள் திரும்பி வரும்? ஆசைப்பட்டு நான் போட்ட பந்தலில், என் கையாலேயே என் மகள் வாழ்வைக் கெடுத்துவிட்டேனே என்று நின்றேன்.

அப்போது மஞ்சுஷா பேசினாள். கல்யாணப் பெண், மணவறையில் இருந்தபடியே, தலை நிமிர்ந்து பேசினாள்.

“மாமா, இது சகுனம் இல்ல, மொளகு. அந்தா நிக்குற என் அம்மையப் பாருங்க. அம்மை தும்முச்சா? தும்மாது. இருவது வர்ஷம் இந்தப் பொடியில நின்னு அம்மைக்கு மூக்கு செத்துப்போச்சு. என் தலையில வச்ச பூவு மணக்குதான்னு அம்மையக் கேளுங்க. அதுக்குத் தெரியாது.”

உறவுகளே, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பூவை நீட்டினால் முகர்ந்து, “நல்ல மணம்” என்று பொய் சொல்லிப் பழகியவள் நான். குழம்பு அடிப்பிடித்தால் புகையைப் பார்த்துத்தான் அறிவேன். என் மகள் அதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, எனக்கு வெட்கமாக இருக்கும் என்று இத்தனை நாளும் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள். அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னாளே, எனக்கு அவமானமாக இருந்ததா? இல்லை. பெற்ற வயிறு குளிர்ந்தது. அழுதேன். மிளகால்தான் என்று நினைத்திருப்பார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா அழகம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அண்ணே, ஒக்காருங்க. நம்ம வீட்டுல வத்தல் வறுத்தாலும்தான் தும்முறோம். அதுக்காக அடுப்ப அவிச்சுட்டா போயிருறோம்?” என்றார். நீலகண்டன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. உட்கார்ந்துவிட்டார்!

இதோ என் பக்கத்தில் இருக்கிறாரே யூசுப் இக்கா, அவர் அதற்குள் பின்னாலிருந்து கத்தினார், “எடி செல்வி, அந்தக் கிழக்கு வாதில் தொறக்கு!” மணவறைக்கு நேர் எதிரே, காயலைப் பார்த்த பெரிய கதவு. வள்ளத்தில் சரக்கேற்றிய காலத்துக் கதவு. துருப்பிடித்து ஆண்டுக்கணக்கில் திறக்காத கதவு. முப்பது பெண்கள் தோள்கொடுத்தோம். ஒரு தள்ளு, இரண்டு தள்ளு, மூன்றாவது தள்ளில் திறந்தது!

வந்தது காற்று. காயல் காற்று உள்ளே நுழைந்து பொடியையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று. கூடவே காலை வெயில் நேராகப் பெண் மாப்பிள்ளை முகத்தில் விழுந்தது. போட்டோக்காரர் தன் விளக்குகளை அணைத்தார். “சேச்சி, இந்த லைட்டு எங்க காசு கொடுத்தாலும் கிட்டாது” என்றார். அந்த வெயிலில் என் மருமகன் தாலி கட்டினார். நாதஸ்வரம் இன்னும் தும்மிக்கொண்டிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க, காயலில் போன பயணிகள் படகு ஒரு நீண்ட ஊதல் ஊதிப்போனது. படகில் இருந்த முகம் தெரியாத மனிதர்கள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களுக்கு நாங்கள் அழைப்பிதழ்கூட வைக்கவில்லை!

அந்தக் காற்றில் என் மகளின் பூவாசம் எனக்கு வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மேடையில் நின்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சம்பந்தியம்மா என் தோளைத் தொட்டு, “மல்லியப்பூ வாசம் தூக்குது மதினி” என்றார். அது போதும் எனக்கு.

அண்ணா பாலையா, இப்போது உங்களைக் கேட்கிறேன். தும்மல் கல்யாணம் நடந்த பெண், இதோ முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு என்ன குறை? எந்த இடம் நமக்குச் சோறு போட்டதோ, அந்த இடத்தில் இலை போட நமக்கு ஏன் வெட்கம்? ஒரு நாள் குளிர்ச்சிக்காக ஒரு குடும்பத்தின் சக்கரத்தை விற்கலாமா? விற்க விடமாட்டேன்! நான் மட்டுமல்ல, இந்த முப்பது பேரும் விடமாட்டோம்! சாக்கு இருக்கிறது, தராசு இருக்கிறது, கதவுக்கு எண்ணெய் போட்டாயிற்று. ஆனால் கல்யாணம் எனக்கல்ல. அம்பிளி, எழுந்திரு. பயப்படாதே, ஒலிபெருக்கியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். சொல்லம்மா.

கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். “அப்பாவோட ஆட்டோலதான் கல்யாணத்துக்கு வந்து எறங்கணும்னு நான் நெனச்சிருக்கேன். அத வித்துட்டா நான் எதுல வருவேன்?” என்கிறாள்!

தட்டுங்கள், இன்னும் தட்டுங்கள்! தலைவர் எழுந்திருக்கிறார். அண்ணா, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லுங்கள், அவசரமில்லை. உஷ், அமைதி, அமைதி!

“செல்வி, ஆட்டோவ விக்கல. கோடவுன்லயே வைப்போம். ஆனா ஒண்ணு. முப்பத்தோரு வர்ஷம் இந்த ஊரக் கூட்டுனவன் நான். இந்தத் தடவ அந்த உத்தரத்த நான் துடைக்கிறேன்.”

இதற்குமேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம். வாய்ப்பளித்த மன்றத்துக்கும், வாசல் திறந்த இக்காவுக்கும், நிமிடம் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட ரமேஷ்பாபு தம்பிக்கும், சிரித்தும் அழுதும் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. சித்திரையில் எல்லோரும் வாருங்கள். கைக்குட்டை தேவைப்படாது. வணக்கம்!