ரெண்டு சதவீதத்துக்கு மேல

இல்ல மேடம், தண்ணியெல்லாம் வேண்டாம், தொண்டை நல்லாத்தான் இருக்கு. நான் தடுமாறுறேன்னு நினைச்சுக்கிட்டு வக்கீல் சார்தான் டம்ளரை என் பக்கம் தள்ளிக்கிட்டே இருக்காரு. தடுமாறல சார். நான் உங்க சாட்சிதான், ஒத்துக்கறேன். இருபத்தாறு வருஷம் உங்க கம்பெனியில பசை ஆராய்ச்சிக்கே தலைவனா இருந்தவன். அதுக்காக நீங்க எழுதிக் குடுத்ததை ஒப்பிக்கணுமா என்ன?

கேள்வி என்ன மேடம்? அந்தா உக்காந்திருக்கே, அந்தப் பொண்ணு பண்ணின பசை நிஜமாவே கண்டுபிடிப்பா, இல்ல தொழில் தெரிஞ்ச எவனுக்கும் தானா தோணுற சங்கதியா. அவ்வளவுதானே? வக்கீல் சார் கணக்கு சுலபம். பசையும் பழசு, ஈரம் உறிஞ்சுற தூளும் பழசு. ரெண்டையும் கலந்தா நனைஞ்ச குழாய்லயும் ஒட்டும், இதுக்குப் போய் பேட்டன்டாங்கறார். நீங்க அந்தப் பேட்டன்டை ரத்து பண்ணிட்டா அடுத்த மாசமே கம்பெனி அதே பசையை விக்கும். டின்னுக்கு லேபிள்கூட அடிச்சாச்சு. இவ கொட்டகையைப் பூட்டிட்டுப் போகவேண்டியதுதான்.

விடையைக் கேட்டப்புறம் விடுகதை எல்லாருக்கும் சுலபம் சார்.

ஆமா மேடம், உங்க சட்டத்துல ஒரு ஆசாமி வர்றானே, சராசரித் திறமைக்காரன்னு? எல்லா அறிக்கையும் படிச்சிருப்பான், கை பழகியிருக்கும், கற்பனை மட்டும் மருந்துக்கும் இருக்காது. அவனுக்கே தோணிடும்னா அது கண்டுபிடிப்பு இல்ல. அப்படி ஒருத்தன் உலகத்துலயே கெடையாதுன்னு சொல்றாங்க. ஏன் கெடையாது? இதோ முழுசா உக்காந்திருக்கேனே! அந்தப் பசையும் தூளும் பதினாலு வருஷம் ஒரே அலமாரியில, என் மூக்குக்கு நேரா இருந்துச்சு. எனக்குத் தோணல.

ஏன் தோணலயா? உங்க முன்னாடி இருக்கற மூணாவது ஆவணம், கம்பெனியோட சோதனை அறிக்கை, ஏழாம் பக்கம் பாருங்க. ரெண்டு சதவீதத்துக்கு மேல தூள் போட்டா பசை நொறுங்கிடும்னு அடிச்சு சொல்லியிருக்கு. அதைப் படிச்ச எவனாவது மூணு போடுவானா? இவ ஒன்பது போட்டிருக்கா, நொறுங்கல. என்கிட்ட வேலை பாத்தப்பவே கேட்டா மேடம், சார், ஒரு தடவை நாலு போட்டுப் பாக்கட்டுமான்னு. முதல்ல அறிக்கையைப் படிச்சுட்டு வாம்மான்னு நாலு பேர் முன்னாடி விரட்டி விட்டேன். அப்புறம்தான் வேலையை விட்டுட்டுப் போய், சொந்தமா கொட்டகை போட்டு, அதையே செஞ்சு பாத்திருக்கா.

முறைக்காதீங்க சார். மேடம் எழுதிக்கட்டும்.

அறிக்கை யாரு எழுதினதா? நான்தான் மேடம். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அதான் உங்களுக்குப் புரியல.

சோதனைக் குறிப்பு நோட்டா? இருக்கே, கொண்டு வந்திருக்கேன். ஒரு சதவீதத்துக்கு இருக்கு, ஒன்றரைக்கு இருக்கு, ரெண்டுக்கு இருக்கு.

அதுக்கு மேல இல்ல மேடம். டப்பால தூள் தீந்துபோச்சு. மறுநாள் அறிக்கை குடுத்தாகணும். நொறுங்கிடும்னு எழுதிட்டேன்.