ஹாங்காங் புழு

சுவர்க்கோழியைக் கூண்டுக்குள் விடுவதற்கு முன் அதன் பின்னங்கால்களைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே துள்ளலில் அலமாரிக்குப் பின்னால் போய்விடும், அப்புறம் விடிய விடிய அதன் கச்சேரிதான். அதற்கு வலிக்காதா என்று கேட்க வருகிறீர்கள், மேடம். எனக்குத் தெரியாது. இடத்தை விட்டு நகராது, அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதலில் வந்தவை அந்த சுகர் கிளைடர்கள்தான். மாலாங் பறவைச் சந்தையில் என் தங்கை குஸ்தினி ஜோடியாக வாங்கி வந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் சாம்பல் நிறப் பிராணி. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே தோல் விரிந்து, திரைச்சீலையின் உச்சியிலிருந்து நம் தோளுக்கு மிதந்து வரும். ஆணுக்குக் கோப்பி, பெண்ணுக்குக் கெத்தான் என்று பெயர் வைத்தாள். வாங்குவதும் பெயர் வைப்பதும் அவள், கூண்டு கழுவுவது நான். எங்கள் வீட்டில் எப்போதுமே அப்படித்தான்.

அவற்றுக்கு அவள் புழு மட்டுமே போட்டாள். டப்பாவில் உயிரோடு நெளியும் மஞ்சள் புழு, ஹாங்காங் புழு என்போம். அதைக் கண்டால் இரண்டும் அடித்துக்கொள்ளும். "பாருக்கா, என்னைக் கண்டாலே எப்படித் தாவுதுங்க. உன்கிட்ட வருதா?" என்று சீண்டுவாள். சில மாதத்தில் கோப்பி பின்னங்கால்களைத் தரையில் இழுக்க ஆரம்பித்தது.

"புடிச்சதையே குடுத்தா இப்படித்தாம்மா ஆகும்" என்றார் கால்நடை மருத்துவர். "புழுவுல சுண்ணாம்புச் சத்து கிடையாது. எலும்பு வெந்த கிழங்காட்டம் ஆயிடும்."

அன்றிலிருந்து சாப்பாடு என் பொறுப்பு. சத்துப்பொடியில் புரட்டிய சுவர்க்கோழி, பப்பாளி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மசித்த முட்டை. புழு ஆசைக்கு ஒன்றிரண்டு. இன்று உங்கள் காவல் நிலையத்துக்கு வரும்போதுகூட எல்லாவற்றையும் அளந்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். கால் விளங்காத நாட்களில் கோப்பியைத் துணிப்பையில் போட்டு மார்பில் தொங்கவிட்டிருந்தேன். நாள் முழுக்க என்னோடு ஒட்டிக்கொண்டு தூங்கும். அந்த நாட்கள் நன்றாக இருந்தன. குணமானதும் என் தலைக்கு மேலே மிதந்து குஸ்தினியின் தோளில் போய் உட்கார்ந்தது. என் வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

பிறகு குஸ்தினி வீட்டு வேலைக்கு ஹாங்காங் போனாள். புருஷன் ஏற்கெனவே விட்டுப் போனவன். இரண்டு வயது தாண்டிய மகள் நிகெனை என்னிடம் விட்டாள். "அம்மா எங்கே?" என்று தெருவில் யார் கேட்டாலும் "புழு ஊருக்குப் போயிருக்கா" என்பாள் குழந்தை. எல்லாரும் சிரிப்பார்கள். நான் திருத்தவில்லை. புழு டப்பா வாங்கி வந்தால் மூடியைத் திறந்து, "பெரியம்மா, இதுல அம்மா எது?" என்று தேடுவாள்.

வாசலில் எந்த பைக் நின்றாலும் அம்மாதான் என்று ஓடுவாள். குளிப்பாட்டுவது நான், சீவிவிடுவது நான், தூங்க வைப்பது நான். ஆனால் பைக் சத்தம் கேட்டால் என் கையை உதறிவிட்டு ஓடுவாள். திரும்பி வரும்போது முகம் வாடியிருக்கும். அந்த வாட்டம் எனக்காக ஒரு நாளும் வந்ததில்லை.

நான் பட்டினி போட்டதாக மட்டும் எழுதாதீர்கள், மேடம். அவளுக்குப் பிடித்ததைத்தான் கொடுத்தேன். வெள்ளைச் சோறு, பொரித்த அப்பளம், சர்க்கரை நிறையப் போட்ட தேநீர். முட்டையைத் துப்பினாள், நெத்திலியைத் துப்பினாள். மறுபடி வற்புறுத்தவில்லை. அந்த முட்டையை மசித்துக் கோப்பிக்கு வைத்தேன். அந்தப் பிராணிகளுக்கு வெளிச்சம் ஆகாது என்று திரைச்சீலைகளை மூடியே வைத்திருந்தேன். வெயிலில் விளையாடினால் கறுத்துப் போவாய் என்று அவளிடம் சொன்னேன். கன்னம் உப்பிக் கொழுகொழுவென்று இருந்தாள். மாதாமாதம் குழந்தைகளை எடை பார்க்கும் பெண்கள் என்னைப் பாராட்டினார்கள். ஒரு தடவை அவர்களில் ஒருத்தி, "கால் கொஞ்சம் வளையற மாதிரி இருக்கே" என்றாள். அதற்குப் பிறகு அங்கே அழைத்துப் போகவில்லை.

தெரிந்து செய்தாயா என்கிறீர்கள். கோப்பி காலைத் தரையில் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவள் நான். தெரியாது என்று எப்படிச் சொல்வேன்.

கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம் நடையாயிற்று. நடக்கும்போதே பாதியில் உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் ஒரு நாள் இரண்டு கையையும் என் பக்கம் தூக்கி, "பெரியம்மா, தூக்கு" என்றாள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கைக்குழந்தையைச் சுமக்கும் செலெண்டாங் துணியை எடுத்து இடுப்போடு கட்டிக்கொண்டேன். நாள் முழுக்க அதில்தான் இருந்தாள். சந்தோஷமாக இருந்தேன், மேடம்.

போனில் முகம் பார்த்துப் பேசும்போது குழந்தையை மடியில் வைத்துத்தான் காட்டுவேன். "ஏன்க்கா எப்பவும் மடியிலயே வெச்சிருக்க? இறக்கி விடு, ஓடட்டும்" என்பாள் குஸ்தினி.

"அவளுக்கு என் மடிதான் புடிச்சிருக்கு" என்பேன்.

போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். சுராபாயாவில் வீடு பார்த்துவிட்டாளாம், மகளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாளாம். வாசலில் பைக் நின்றது. "நிகென்" என்று கூப்பிட்டாள். பாயில் உட்கார்ந்திருந்த குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி எழப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் ஊன்றினாள்.

எல்லாரும் என்னைக் குற்றம் சொல்கிறார்கள். ஆனால் பெற்றவள் வாசலில் நிற்கிறாள், குழந்தை அவளிடம் ஓடவில்லை. என் பக்கம் திரும்பினாள். இரண்டு கையையும் என்னிடம்தான் தூக்கினாள். "பெரியம்மா, தூக்கு. அம்மாகிட்ட போகணும்" என்றாள்.

கவனித்தீர்களா, மேடம். முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்.