எல்லாம் மஞ்சளா தெரியுது

...அதத்தான் தம்பி நானும் கேக்குறேன், பொட்டி நல்ல பொட்டின்னா உள்ள இருந்த மனுசங்க மூஞ்சியெல்லாம் எங்க போச்சு? வாங்க, வாங்க, உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். போன மாசம் ஒரு புது மாப்புள, பாஸ்போட்டுக்கு படம் புடிக்க வந்தவரு, அதுல இருந்து விழுந்து... சரி அது வேற கத. இதுல உக்காருங்க. ரிப்பேருக்கு ஆள் வருதுன்னதும் எங்க வீட்டுக்காரருதான் சொல்லி அனுப்பிருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன். பரவால்ல, அந்த மட்டுக்காவது பொறுப்பு இருக்கே மனுசனுக்கு.

இதோ, இதுதான் பொட்டி. கறுப்பா, சின்னதா, பச்ச லைட்ட காட்டிக்கிட்டு ஊமையாட்டம் உக்காந்திருக்கு பாருங்க. இது வந்த நாளுலருந்து இந்த வீட்டுல நிம்மதி இல்ல தம்பி. சாமி சத்தியமா இல்ல.

என்ன? ஆரம்பத்துல இருந்து சொல்லணுமா? சொல்றேன், சொல்றேன். நாங்க இந்த லெட்சுமி ஸ்டூடியோவ போட்டு எத்தனையோ வருசம். என் பேருதான், லெட்சுமி. போர்டுல என் பேரு, உள்ள ராஜ்ஜியம் அவருது, அத விடுங்க. ரெண்டு கம்பியூட்டரு. இது நம்மளது, கஸ்டமருக்கு காட்டுறது. உள்ள இருட்டு ரூமுல ஒண்ணு இருக்கு, அது அவருது, மூஞ்சி வெள்ளையாக்குறது, பின்னாடி தாஜ்மகால் வைக்கிறது எல்லாம் அதுல. போட்டோவெல்லாம் இந்த முன்னாடி கம்பியூட்டருலதான் இருந்துச்சு. சேர்ந்து சேர்ந்து, தொறக்கச் சொன்னா இது பெருமூச்சு விட ஆரம்பிச்சிருச்சு. நான் அடுப்புல ரொட்டிய போட்டுட்டு வந்து, திருப்பிப் போட்டுட்டு வந்து, எடுத்து தேங்கா சம்பலோட சாப்புட்டுட்டு வந்தாலும் அது இன்னும் தொறந்துகிட்டே இருக்கும்.

அப்பத்தான் வந்தான் எங்க கொழுந்தன். ஆண்டியப்பன். கொழும்புல கம்பியூட்டரு கடையில வேல. இந்த பொட்டிய தூக்கிக்கிட்டு வந்தான். "அண்ணி, இனிமே போட்டோவெல்லாம் இதுல கெடக்கட்டும். வயர இழுத்து விட்டா நீங்களும் பாக்கலாம், அண்ணனும் பாக்கலாம்"ன்னான். அவனே எல்லாத்தையும் மாத்துனான், வயர் போட்டான், தொறந்து காட்டுனான். நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, பொய் சொல்லக் கூடாது. அவன் பஸ் ஏறிப் போயி மறுநாளு பாருங்க, பல்ல இளிச்சிருச்சு! இந்தா, நீங்களே பாருங்க. மஞ்ச... மஞ்ச... மஞ்ச... எறங்கிப் பாருங்க கீழ... மஞ்ச! ஒரு மூஞ்சி தெரியுதா?

முந்தியெல்லாம் ஒவ்வொரு விசேசத்துக்கும் உள்ள போல்டரு மேல சின்னதா நாலு போட்டோ தெரியும்ல? அதப் பாத்துத்தான் நான் ஆளையே கண்டுபுடிக்கிறது. இது டிக்கோயா சடங்கு, இது றொசல்ல காதுகுத்து, இது நம்ம தோட்டத்து மாரியம்மன் திருவிழான்னு பாத்த ஒடனே சொல்லுவேன். பேரப் பாத்துச் சொல்லக் கூடாதான்னு கேப்பீங்க. பேரு எங்க தம்பி இருக்கு? எங்க வீட்டுக்காரரு பேரா வைக்கிறாரு? எல்லாம் நம்பரு! கேமரா குடுக்குற நம்பர அப்புடியே வுட்டுருவாரு. பெத்த புள்ளைக்கே ஒரு மாசம் பேரு வைக்காம "அது", "அது"ன்னு கூப்புட்ட மனுசன்.

ஒண்ணு ஒண்ணா தொறந்து பாக்கலாம்தான். பாக்கலாம். ஆனா எதிர்ல ஆளு நிக்கிறப்ப? பொகவந்தலாவ பஸ்ஸு ஹாரன் அடிச்சிக்கிட்டு நிக்கிது, மீனம்மா அக்கா இந்த மேசையப் புடிச்சிக்கிட்டு "குடும்மா, சீக்கிரம் குடும்மா"ன்னு நிக்கிறாங்க. அவங்க மக கல்யாணப் போட்டோ. நானும் இது ஓரத்துல இருக்கே, இதாத்தான் இருக்கும்னு சீடி அடிச்சிக் குடுத்துட்டேன்.

அய்யோ, அத ஏன் கேக்குறீங்க! தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்குற அத்தன பேரையும் கூட்டி வச்சி, பாயி விரிச்சி, மாப்புள வீட்டாளுங்கள முன்னாடி உக்கார வச்சி, டீவியில போட்டிருக்காங்க. கோட்டும் தலப்பாகையுமா ஒரு பெரியவர நாக்காலியில உக்கார வச்சி, சுத்தி மால. தோட்டத்துக் கங்காணியாரோட எழவு! அதோட முடிஞ்சாலும் பரவால்ல. அந்தக் கங்காணியார் மாப்புள வீட்டுக்கு தூரத்துச் சொந்தமாம். அவரு போயி சேர்ந்ததே இவங்களுக்குத் தெரியாதாம்! டீவியப் பாத்துத்தான் தெரிஞ்சிருக்கு. பொண்ணோட மாமியா அங்கனயே மாரடிச்சிக்கிட்டு ஒப்பாரி வச்சிட்டாங்களாம். பாயாசம் அப்புடியே ஆறிப் போச்சாம்.

எழவு வீட்டுக்கா? அவங்களுக்கு கல்யாண சீடி போயிருச்சு. அவங்க ஒண்ணும் சொல்லல தம்பி. ரெண்டு தடவ போட்டுப் பாத்தாங்களாம். பொண்ணு லச்சணமா இருந்துச்சாம்.

நான் என்ன செய்வேன் சொல்லுங்க. மொதல்ல திரையிலதான் கோளாறுன்னு நெனச்சி உள்ள இருக்கிற திரைய இங்க மாத்துனேன். அதுலயும் மஞ்ச. ஊறுகாய்க்கு ஊத்துற வினாகிரி போட்டுத் தொடச்சேன். ரூமுதான் நாறுச்சு, மஞ்ச போகல. அப்புறம் ஒரு பயம் வந்துச்சு பாருங்க... ஒருவேள எனக்குத்தான் மஞ்சக்காமாலையோன்னு! கண்ணாடியில கண்ண இழுத்து இழுத்துப் பாத்தேன். கீழாநெல்லிய அரைச்சி மோருல கலந்து நானும் குடிச்சேன், அவருக்கும் குடுத்தேன். அவரு எதுக்குன்னு கேக்காமலே குடிச்சிட்டாரு, அப்ப பேசிக்கிட்டிருந்தாரு என்னோட. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் போனேன். டாக்டரு கண்ணப் பாத்துட்டு "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கீங்க"ன்னு அனுப்பிட்டாரு. அப்ப கண்ணு நல்ல கண்ணு, திரை நல்ல திரை. கெட்டது எது? பொட்டி! பொட்டியக் கொண்டாந்தது யாரு? ஆண்டியப்பன்!

ஆமா, ஏசிட்டேன். ஏசத்தானே வேணும்? போன லீவுக்கு ஒரு நாளு வந்துட்டு, பொட்டியத் தொறந்துகூடப் பாக்காம திரும்பிப் போறான், கொழும்பு பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டான். மீனம்மா அக்கா அன்னைக்குத்தான் வந்து என்னைய நார் நாரா கிழிச்சிட்டுப் போயிருந்தாங்க. நான் செருப்பு கூட போடல, அப்புடியே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, ஜன்னலப் புடிச்சிக்கிட்டு நின்னு குடுத்தேன் பாருங்க! ஒதவாத சாமானத் தலையில கட்டிட்டியே, கடையில விக்காதத எங்ககிட்ட தள்ளிட்டியா, நீயெல்லாம் கம்பியூட்டரு படிச்ச லச்சணமான்னு... டிரைவரு பஸ்ஸ நிப்பாட்டிட்டு கேட்டுக்கிட்டிருந்தாரு. பின்னாடி சீட்டுல ஒரு சிங்கள அம்மா, பாஷ புரியாமலே எனக்காக "அனே, அனே"ன்னு எரக்கப்பட்டுச்சு.

அவன் தலையக் குனிஞ்சிக்கிட்டான் தம்பி. "சரி அண்ணி. இனிமே ஒங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"ன்னான். அவ்வளவுதான். பஸ்ஸு போயிருச்சு.

அதுலருந்து எங்க வீட்டுக்காரரு என்னோட பேச்சு இல்ல. அவருக்குத் தன் தம்பி மேல உசுரு. ஏதாச்சும் சொல்லணும்னா கஸ்டமருகிட்ட சொல்றாரு. நேத்து ஒரு அம்மா கொழந்தைக்குப் படம் புடிக்க வந்தா, அந்தம்மாகிட்ட போயி, "கறியில உப்பு இல்லன்னு சொல்லுங்க"ங்குறாரு! அந்தம்மா முழிக்கிது.

எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா? நான் கல்யாணம் கட்டி வந்தப்ப அவன் மூக்கு ஒழுக நின்ன பய. மாமியா தேயிலக் கொழுந்தெடுக்கப் போயிருவாங்க, நான்தான் தல சீவி பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன். தீவாளிக்கு அவன் இல்லாம பலகாரம் யாருக்குச் சுடுறது? ஆனா நான் ஏன் எறங்கிப் போவணும்? தப்பு யாரு மேல? அதுக்குத்தான் நீங்க. நல்லாப் பாத்துட்டு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. பொட்டி தப்பு, ஆண்டியப்பன் தப்பு. அத எங்க வீட்டுக்காரரு காதுல விழ சத்தமா சொல்லுங்க. அப்புறம் நானா பாத்து பெரிய மனசு பண்ணி மன்னிச்சி விட்டுறேன்.

என்ன, தொறந்துட்டீங்களா? இது யாரு... ஆங், வாத்தியார் வீட்டு கல்யாணம். பாருங்க, உள்ள எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. வெளியதான் தெரிய மாட்டேங்குறாங்க!

எது? அந்த மொதப் படமா? அது போட்டோ இல்ல தம்பி. அது மஞ்ச.

மஞ்சதான். நான்தான் வச்சேன். ஏன், புது சாமான் வாங்குனா மஞ்ச வைக்க மாட்டீங்களா ஒங்க வீட்டுல? புதுத்துணிக்கு ஓரத்துல வைக்கிறோம், கல்யாணக் காயிதத்துக்கு நாலு மூலையிலயும் வைக்கிறோம். இம்புட்டுப் பேரு கல்யாணமும் சடங்கும் ஒரு புதுப் பொட்டிக்குக் குடி வருது, சும்மாவா வுடுறது? மொதல்ல பொட்டிக்கு மேலதான் கொழச்சித் தடவுனேன். அவரு ஓடி வந்து, கரண்டு போற சாமான்ல ஈரத்த வைக்கிறியேன்னு தொடச்சிட்டாரு. சரி, வெளிய வைக்க விடலன்னா உள்ள வைப்போம்னு, இதுல படம் வரையிறது இருக்குல்ல, அதுல முழுக்க மஞ்சளா ஒண்ணு செஞ்சேன். செஞ்சி ஒவ்வொரு போல்டருக்குள்ளயும் கொண்டு போயி ஒட்டுனேன். ஒண்ணையும் வுடலையே! எழவு வீட்டுக்கு வைக்கலாமான்னு யோசிச்சேன், அப்புறம் அவங்களுக்கும் நல்லது நடக்கணும்லன்னு வச்சிட்டேன்.

என்னைக்கா? ஆண்டியப்பன் பொட்டிய வச்சிட்டு பஸ் ஏறுன மறுநாளு. வெள்ளிக்கெழம.

படத்துக்குப் பேரா? போல்டருன்னு வச்சேன். இங்கிலீஸ்ல. போல்டருக்கு வைக்கிற மஞ்சளுக்கு வேற என்ன பேரு வைக்கிறது? ஏன் சிரிக்கிறீங்க?

...ஓ.

போல்டருக்குள்ள அந்தப் பேருல ஒரு படம் இருந்தா, கம்பியூட்டரு மத்தத விட்டுட்டு அதத்தான் வெளிய காட்டுமா?

அழிச்சிட்டீங்களா? எங்க... ஆத்தாடி! வாத்தியாரு! அவரு பொஞ்சாதி! மாப்புள! இந்தா, இந்தா, வந்துட்டாங்களே எல்லாரும்! இன்னொண்ணு அழிங்க... டிக்கோயா புள்ள! மீனம்மா அக்கா மக! அய்யோ, இந்தப் புள்ளயத்தானே தம்பி நான் தேடாத எடமெல்லாம் தேடுனேன்...

...

அப்ப பொட்டி மேல தப்பு இல்ல.

ஆண்டியப்பன் மேலயும் இல்ல.

இருங்க தம்பி, ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கிறேன்... பஸ் ஸ்டாண்டுல என்னென்ன சொன்னேன்! அத்தன பேரு முன்னாடி! அவன் தல குனிஞ்சி உக்காந்திருந்தான் தம்பி. பாவி, நான் பாவி.

சரி. நடந்தது நடந்துபோச்சு. இப்ப என்ன செய்யலாம்னா... கரண்டுன்னு சொல்லிருவோமா? மழைக்கி கரண்டு வந்து வந்து போவுதுல்ல, அதுல பொட்டி கொழம்பிருச்சுன்னு. எங்க வீட்டுக்காரரு நம்புவாரு, அவருக்கு கரண்டுன்னா எதையும் நம்புவாரு. நீங்க பொய் சொல்ல வேணாம் தம்பி, பாவம் ஒங்களுக்கு எதுக்கு? பொய்ய நான் சொல்லிக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னு தலைய மட்டும் ஆட்டுங்க. அவரு ஒங்களுக்கு போன் பண்ணி எப்ப வரச் சொன்னாரு?

பண்ணலையா?

அப்ப ஒங்கள யாரு அனுப்புனா?

...யாரு? ஆண்டியப்பனா? அவன் கூடத்தான் வேல செய்றீங்களா? நீங்க இவ்வளவு நேரமும் இதச் சொல்லாம... நான் சொல்ல விட்டேனா, அதுவும் சரிதான். அண்ணி கஷ்டப்படுறாங்க, போயி சரி பண்ணிக் குடுங்கன்னானா? நான் அவ்வளவு ஏசியுமா?

கூட வந்திருக்கானா! எங்க? எதுத்த அரிசிக் கடையிலயா... ஏன், இங்க வந்தா... ஆமா. வாசப்படி மிதிக்க மாட்டேன்னான்ல.

தள்ளுங்க தம்பி, அந்தக் கதவ நல்லா தொறங்க. ஆண்டியப்பா! அடேய் ஆண்டியப்பா! அங்க என்னடா சாரல்ல நிக்கிற? உள்ள வாய்யா, சாப்புட்டியா நீ? வாசப்படி மிதிக்க வேணாம், தாண்டி வா! என்ன? கேக்கல, சத்தமா சொல்லு! ஆமாய்யா, சரியாயிருச்சு! எல்லாரும் வந்துட்டாங்க! ஒன் மேல ஒரு தப்பும் இல்லையாம்! பொட்டி மேலயும் இல்லையாம்! கரண்டாம்யா, கரண்டு!

தம்பி, தலைய ஆட்டுங்க.