பின்னே வா என்று சொன்னவர் கேப்டன்தான்

16-08-2025 அன்று காலை 11 மணிக்கு காவல் நிலையத்தில் வைத்துத் தமிழில் பதிவு செய்தது.

பெயர் குப்பண்ணன், வயது 70, தகப்பனார் பெயர் நாச்சிமுத்து, காலஞ்சென்றவர். தொழில், அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று இப்போது தென்னை விவசாயம். விலாசம், கொல்லங்கோடு அருகில் புளியஞ்சள்ளை. நேற்று ஊர் நூலகமான வாயனசாலை முன்பு நடந்த சுதந்திர தின விழாவில் நினைவுக் கல்லைச் சேதப்படுத்தியதாகவும், ராஜஸ்ரீ என்பவருக்குக் காயம் ஏற்பட்டதாகவும் என் மேல் வந்த புகார் குறித்து விசாரிக்க, நான் சொல்வதாவது:

ரைட்டர் சார், நான் பேசுற மாதிரியே எழுதுங்க. "மன வருத்தம் அடைந்து" அப்படீன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. வருத்தமில்லீங்க, கோவம். இப்பவும் அடங்கல.

எங்கப்பன் நாச்சிமுத்து பதினேழு வயசுல மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனவரு. அங்கே யுத்தம் வந்ததுக்கப்புறம், நாப்பத்திமூணுல இந்திய தேசிய ராணுவத்துல சேர்ந்தாரு. அவரோட படைப்பிரிவுக்கு, கம்பெனின்னு சொல்வாங்க, தலைவர் கேப்டன் அச்சுதன்குட்டி. நம்ம கொல்லங்கோட்டுக்காரர்தான், ஊட்டுப் பேச்சு மலையாளம். கீழே இருந்த ஆளுங்க முக்காவாசி தோட்டத்துத் தமிழ்ப் பசங்க. அணிவகுப்புல ஹிந்தி, சாப்பாட்டு நேரத்துல அரைத் தமிழ், அவசரம்னு வந்துட்டா அவர் வாய் தன்னால மலையாளத்துக்குப் போயிருமாம். இதெல்லாம் அப்பன் சொன்னது. பிற்பாடு கேப்டனே எங்க ஊட்டுக்கு வந்து, வாசல்ல கட்டில்ல உக்காந்து சொன்னதும் உண்டு.

கேப்டன் ஒண்ணும் சாமி இல்லீங்க. முன்கோபி. துப்பாக்கியில துரு கண்டாருன்னா கன்னத்துல ஒண்ணு விட்டுப்போட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாரு. பீடி தீர்ந்துபோச்சுன்னா பக்கத்துல நிக்க முடியாது. நாட்டு விடுதலைக்குன்னு உசிரைக் குடுக்க வந்தவனை அடிக்கிற ஆளுக்குப் பின்னால எதுக்குப் போனீங்கன்னு நானே அப்பன்கிட்டக் கேட்டிருக்கேன். அதுக்கு அவர் சொன்ன சேதிதான் இந்தக் கேஸுக்கே மூலம், அதனால விடாம எழுதிக்கோங்க.

நாப்பத்திநாலு மழைக்காலத்துல பர்மாக் காட்டுல பின்வாங்கி வர்றாங்க. வழியில ஒரு ஓடை, மேலே மரப்பாலம். இன்னும் பதினோரு பேர் பின்னால வந்துட்டு இருக்காங்க. அவங்க வந்து தாண்டுற வரைக்கும் பாலத்தை ஒரு மெஷின்கன் வெச்சுக் காக்கணும். இவ்வளவும் கேப்டன் மனசுல இருந்துச்சு. ஆனா வாயில வந்தது என்னவோ, நடந்துக்கிட்டே எங்கப்பனைப் பார்த்து, "நாச்சிமுத்து, பின்னே வா." அவ்வளவுதான். மலையாளத்துல அதுக்கு அப்புறமா வான்னு அர்த்தம். தமிழ்க் காதுக்கு என்னங்க அர்த்தம்? என் பின்னாலயே வா. அப்பனும் கூட இருந்த மூணு பேரும் மெஷின்கன்னைத் தூக்கிட்டு வரிசைக் கடைசியில சேர்ந்து நடந்துட்டாங்க. கொட்டுற மழை, ஒத்தையடிப் பாதை, முன்னால போற கேப்டனுக்குத் தெரியல. ரெண்டு மைல் தாண்டி நின்னு ஆளை எண்ணும்போதுதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள பாலத்துக்கிட்ட வந்த பதினோரு பேர்ல நாலு பேரு வெள்ளைக்காரப் பட்டாளம் சுட்டுச் செத்துப்போயிட்டாங்க.

இது நடக்குமான்னு யாராச்சும் கேட்டா என்கிட்ட அனுப்புங்க. முப்பது வருசம் பாலக்காடு பொள்ளாச்சி வண்டியில கண்டக்டரா இருந்தவன் நான். மலையாளத்துக்காரன் "பின்னே கேறிக்கோ"ன்னு சொல்வான், அதாவது அப்புறமா ஏறிக்கோன்னு. நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரத்து ஆளு பின்பக்கப் படியில ஓடிப்போய் ஏறுவான். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை சண்டையை விலக்கி விட்டிருக்கேன்னு கணக்கே இல்லீங்க. பஸ்ஸுல அது சிரிச்சுப்போட்டுப் போற சங்கதி, அங்கே நாலு உசிரு போச்சு.

அதுக்கப்புறம் ஒரு மேலதிகாரி வந்து விசாரிச்சாரு. காவலை விட்டு ஓடினவன்னு எங்கப்பனை மரத்துல கட்டச் சொல்லியாச்சு. மறுநாள் காலையில சுடுறதாப் பேச்சு. கேப்டன் எழுந்து நின்னு, இடுப்பு பெல்ட்டைக் கழட்டி அந்த அதிகாரி முன்னால இருந்த பெட்டி மேல வெச்சு, "இவன் ஓடலை. நான் என் ஊட்டு பாஷையில உத்தரவு போட்டேன், அவன் அவனோட பாஷையில கேட்டான். நாலு பேரைக் கொன்னது என் நாக்கு. கட்டுறதுன்னா என்னைக் கட்டுங்க"ன்னு சொல்லியிருக்காரு. எல்லாச் சிப்பாயும் பார்த்துக்கிட்டு நிக்கிறான். அன்னைக்கு அவர் வாயை மூடிட்டு இருந்தா அவர் பதவிக்கு ஒரு குறையும் வந்திருக்காது, நானும் பொறந்திருக்க மாட்டேன். மூணு நாள் அவரைப் பதவியை விட்டு இறக்கி வெச்சிருந்து, இவரில்லாம நடக்க மாட்டோம்னு பசங்க உக்காந்ததுக்கப்புறம் திருப்பிக் குடுத்தாங்களாம்.

அதுல இருந்து அந்தக் கம்பெனியில ஒரு வழக்கம். கேப்டன் எதைச் சொன்னாலும், கேட்டவன் அவனோட பாஷையில திருப்பிச் சொல்லணும். அவன் தப்பாச் சொன்னா கேப்டன்தான் தன் வார்த்தையை மாத்திச் சொல்லுவாரு, அவனைத் திட்ட மாட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் தழையைத் தின்னு, அட்டைக்கடியோட, பேதியோட நடந்திருக்காங்க. ஒருத்தன் துப்பாக்கியைக் கீழே போட்டுட்டு ஓடலீங்க. "சுதந்திரம்னா என்னன்னு எங்களுக்கு அன்னைக்கு முழுசாத் தெரியாது, தப்பை ஒத்துக்கிற துரையை அதுக்கு முன்னால தோட்டத்துலயும் பார்த்ததில்ல, பட்டாளத்துலயும் பார்த்ததில்ல, அதனால நடந்தோம்"னு அப்பன் சொல்வாரு.

எழுபத்திமூணுல தியாகி பென்ஷனுக்கு எழுதிப் போடும்போது, எங்கப்பன் ஓடிப்போனவர்னு எவனோ மொட்டைக் கடுதாசி போட்டான். கேப்டன் தன் கைப்பட மலையாளத்துல ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாரு. உத்தரவு என்னோடது, பிழை என்னோடது, நாச்சிமுத்து காவலை விட்டவன் இல்லைன்னு. அந்த லெட்டரை அம்பது வருசம் அரிசி டப்பாவுல பிளாஸ்டிக் சுத்தி வெச்சிருந்தோம். நினைவுக் கமிட்டிச் செயலாளர் ஹரிநாராயணன், கேப்டனோட மகள் வயித்துப் பேரன், காலேஜ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், கடந்த ஜூன் மாசம் வந்து விழா மலர்ல போடணும்னு கேட்டான். அசல்லயே குடுத்தேன். ஜெராக்ஸ் எடுக்காதது என் மடத்தனம்.

நேத்துக் காலையில ஒன்பதரை மணிக்கு நான் தோப்புக்குப் போற வழியில விழாவுக்குப் போனேன். மொபெட்டுல தேங்கா உரிக்கிற கடப்பாரை இருந்துச்சு. கல்லை உடைக்கணும்னு கொண்டுபோனது இல்லீங்க, அதைத் தெளிவா எழுதுங்க. துணியை விலக்கினாங்க. பளபளன்னு கருங்கல்லு, அதுல விடுதலைக்குப் போராடின பதினேழு பேரோட பேரு. எங்கப்பன் பேரு இல்ல. கேப்டன் பேருக்குக் கீழே தமிழ்லயும் மலையாளத்துலயும் "பிழையே அறியாத தளபதி"ன்னு வெட்டியிருக்கு. மலரைப் புரட்டினா பன்னெண்டாம் பக்கத்துல, காவலை விட்டுப் பின்வாங்கிய ஒரு சிப்பாயால் நான்கு வீரர்கள் உயிரிழந்தனர்னு அச்சடிச்சிருக்கு. பேர் போடலையாம். இந்த ஊர்ல மலாயா போய் வந்த நாச்சிமுத்து எத்தனை பேருங்க?

அதன் பிறகு நான் மேடையில ஏறி, லெட்டர் எங்கேடான்னு கேட்டேன். ஹரி என் தோளைப் பிடிச்சு, காதுக்குள்ள, "குப்பண்ணேட்டா, தாத்தாவோட பேருக்கு ஒரு கறை எதுக்கு? சின்னப் பிள்ளைங்க படிக்கிற கல்லு"ன்னான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதை இவ்வளவு மரியாதையா எவனும் செஞ்சு நான் பார்த்ததில்ல. தாத்தனைப் பெருசாக்குறேன்னு சொல்லி, அந்த மனுசன் செஞ்சதுலயே பெரிய காரியத்தை இவன் திருடிட்டான். பெல்ட்டைக் கழட்டி வெச்ச கேப்டன் இந்தக் கல்லுல இல்லவே இல்ல. இதுல இருக்கிறது யாரோ.

அதன் பிறகு நான் கீழே இறங்கி, கடப்பாரையை எடுத்துட்டு வந்து, அந்த வரியில அடிச்சேன். ஆறு அடி. பதினேழு பேர்ல ஒருத்தர் பேருலயும் ஒரு கீறல் விழல. கேப்டன் பேரு மேல இடது கையை வெச்சு மறைச்சுட்டுத்தான் அடிச்சேன், வேணும்னா போய்ப் பாருங்க. நாலாவது அடியிலயோ அஞ்சாவது அடியிலயோ சில்லு பறந்து ராஜஸ்ரீ அம்மா நெத்தியில பட்டுது. அது ஹரியோட சம்சாரம், விளக்குத் தட்டோட பக்கத்துல நின்னுட்டு இருந்துச்சு. புருவத்துக்கு மேல ரெண்டு தையல். இவ்வாறு கல் தெறித்து ராஜஸ்ரீ என்பவருக்குக் காயம் ஏற்படுத்தினேன்.

இன்னைக்குக் காலையில ஸ்டேஷன் வாசல்ல ஹரி என்னைத் தனியாக் கூப்பிட்டான். சட்டைப் பையில அந்த லெட்டர் இருக்கு, பிளாஸ்டிக் ஓரம் வெளியே தெரியுது. சமாதானம் பேசினான். புகாரை வாபஸ் வாங்கிக்கிறானாம், புதுக் கல்லு வைக்கிறானாம், பதினெட்டாவதா எங்கப்பன் பேரையும் வெட்டுறானாம். நான் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அந்த வரி அப்படியே இருக்கட்டும்னு விட்டுப்போடணும், லெட்டரைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது.

எனக்கு ஆசை இல்லாம இல்லீங்க. எழுபது வயசு ஆச்சு. இதை விட்டா எங்கப்பன் பேரைக் கல்லுல பார்க்க எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் வராது. ஒரு நிமிசம் வாய் வரைக்கும் சரின்னு வந்துச்சு. அப்புறம் நெனச்சேன், அந்தக் கல்லு முன்னால போய் நின்னு நான் என்னன்னு கும்பிடுறது? தப்பே செய்யாத கேப்டன்னா, நாலு பேரைக் கொன்னது எங்கப்பன்னுதானே ஆகுது. போடான்னு சொல்லிப்போட்டேன். எங்கப்பன் பேரு வேண்டாம், லெட்டரை வெட்டு கல்லுலன்னேன். அவன் திரும்பிப் பார்க்காமப் போயிட்டான். அந்த லெட்டரை அவன்கிட்ட இருந்து வாங்கி இந்தக் கேஸோட சேர்க்கணும்னு கேட்டுக்கிறேன்.

எனக்காக வந்திருக்கிற வக்கீல் ஃபைஸ் நல்ல பையன், எங்க ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர் மகன். "ஏனுங்ணா, மேடையில தள்ளுமுள்ளு, அதுல எப்படியோ பட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, காயக் கேஸு நிக்காது"ன்னு சொல்லுது. சொல்ல மாட்டேன். தள்ளுமுள்ளே நடக்கல. என்னை யாரும் தொடக்கூட இல்ல. அந்த அம்மா நிக்கிறது எனக்குத் தெரியும், கோவத்துல விலகச் சொல்லத் தோணல. உப்புத் தின்னவன் தண்ணி குடிக்கணும். கல்லை அடிச்சதுக்கு எனக்கு வருத்தமில்ல, நாளைக்கு அதே வரியை வெச்சா நாளைக்கும் அடிப்பேன். அந்த அம்மாவுக்குப் பட்டதுக்கு என்ன தண்டனையோ குடுங்க.

இதில் எனக்கு நல்ல பேர் வருவதற்காக நான் சேர்த்ததோ, கெட்ட பேர் வரும் என்று விட்டதோ எதுவுமில்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். "கல் தெறித்து ராஜஸ்ரீ என்பவருக்குக் காயம் ஏற்பட்டது" என்று ஓரிடத்தில் இருந்தது. அது தானாக ஏற்படவில்லை என்று சொல்லி, "காயம் ஏற்படுத்தினேன்" என்று திருத்தச் சொன்னேன். திருத்திய இடத்திலும் கீழேயும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
நா. குப்பண்ணன்